கழுவிக் குடுத்த மண்ணு

எங்க வூட்டுக்காரருக்கு அழுக்குன்னா ஆகாது. விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியில களிமண்ணு கழுவுற வேலை. மண்ணக் கரைச்சு, சலிச்சு, மேல நிக்கிற தண்ணிய வடிச்சு, வெண்ணெயாட்டம் ஆக்கினாத்தான் அவருக்கு அது மண்ணு. மத்ததெல்லாம் குப்பை.

எங்களுக்கு ஒரு ஏக்கரா உவர் நெலம். கோடையில சுண்ணாம்பு அடிச்சாப்புல வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கும். தெருவுல அங்கொண்ணு இங்கொண்ணா செல்போன் வந்த காலம் அது. ரெண்டு வருஷம் தழை உரத்துக்குன்னு தக்கைப்பூண்டு வெதச்சு, மடக்கி உழுது, நெல்லு ஏதோ வந்துச்சு. அதோட விடுவேனா? பாதியில நெல்லு, பாதியில உளுந்து, ஓரத்துல கேழ்வரகுன்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

"உப்புல உளுந்தா? சரி, ஒரு போகம் பாரு. வரலன்னா செங்கச் சூளைக்காரருக்கு வித்துடுவோம்"னாரு இவரு. அம்மா வூட்டுல எனக்குன்னு குடுத்த நெலம். ஆனாலும் வீம்புக்கு சரின்னுட்டேன்.

உளுந்து உப்பு தாங்காது, மொதல்ல மண்ண டெஸ்டுக்குக் குடுங்கன்னாங்க வேளாண்மை ஆபீசு மேடம். எடுத்துட்டுப் போனவரு இவருதான். ரிசல்ட்டு வந்துச்சு. உப்பே இல்லையாம்! எனக்குத் தலகால் புரியல. வெதச்சுட்டேன்.

உளுந்து மொளச்சுது. ரெண்டு எல விட்டுது. அப்புறம் ஓரமெல்லாம் கருகி, ஒண்ணொண்ணா படுத்துடுச்சு. நெல்லும் கேழ்வரகும் மட்டும் நின்னுது. சூளைக்காரரு அளக்குற டேப்போட வரப்புல வந்து நின்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ரிசல்ட்டு பேப்பரையும் இவரையும் இழுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன்.

"என்னா டெஸ்டு பண்றீங்க நீங்க?"ன்னு கத்தினேன்.

மேடம் நிதானமா இவரப் பாத்து, "மண்ண எப்படி எடுத்தீங்க?"ன்னாங்க.

இவரு நெஞ்ச நிமித்திக்கிட்டாரு. "ஆபீசுக்குப் போற மண்ணாச்சேன்னு மூணு தண்ணியில அலசி, சலிச்சு, நெழல்ல காயவச்சுக் குடுத்தேங்க. ஒரு தூசி இருந்துதா, சொல்லுங்க!"

பக்கத்து மேசைக்காரரு வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டாரு. "உப்பத்தான் கழுவி ஊத்திட்டீங்களேய்யா"ன்னாங்க மேடம். "நெலத்துக்கும் அதேதான் வைத்தியம். வரப்பக் கட்டி, தண்ணிய நிறுத்தி, வடிச்சு விடுங்க. பெறகு உளுந்து போடுங்க."

பஸ்ஸுல நான் தள்ளிப் போயி உக்காந்துக்கிட்டேன். பேசினா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். எறங்கினதும் இவரு நேரா சூளைக்காரரு வூட்டுக்குப் போனாரு. நான் வாசல்ல நின்னேன்.

"நெலம் குடுக்கறதா இல்லீங்க. தப்பு நெலத்து மேல இல்ல, எம்மேலதான்."

கல்யாணமாயி அத்தன வருஷத்துல அவரு வாயில அந்தப் பேச்ச நான் கேட்டதே இல்ல. கண்ணு கலங்கிப் போச்சு. அதுக்காக விட்டுட முடியுமா? வூட்டுக்கு வந்ததும் மம்மட்டிய எடுத்துக் கையில குடுத்தேன்.

"போங்க. ஒரு ஏக்கரா இருக்குது, கழுவுங்க."