சம்மதத்துக்கு முன் குடித்த காபி

நிஸ்ரீன் கவார் பதினோரு வருடம் வானொலி நாடகம் எழுதியவள். கேட்கிறவர் குறுக்கே பேச முடியாத தொழில் அது. நாற்பது வயதில், அரபு நகரமான அம்மானில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் கைபேசி விளையாட்டுக்குக் கதை எழுத வந்தாள். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்டக்காரரிடம் 'என்ன செய்யலாம்?' என்று கேட்க வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் கதை நகரவும் வேண்டும். மாதம் ஒரு பாகம்.

மூன்றாம் பாகம் பெண் கேட்கப் போவதோடு முடிந்தது. ஆட்டக்காரர்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா; பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு தலைமையேற்றுப் போகிறார். காபி வருகிறது. பெண்வீட்டார் சம்மதம் சொல்லும்வரை அதைக் குடிக்காமல் கீழே வைக்க வேண்டும். குடித்துவிட்டால் வந்த காரியத்தைக் கேட்கும் உரிமை போயிற்று. அந்த ஊரில் இது யாருக்குத்தான் தெரியாது? 'வை', 'குடி' என்று இரண்டு பொத்தான் கொடுத்தவள், 'குடி'க்கு ஒப்புக்கு நாலே வரி எழுதினாள்.

நூற்றுக்கு நாற்பது பேர் குடித்துவிட்டார்கள். "காபி ஆறிப்போகுதேன்னுதான்" என்று இர்பித் நகரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

நான்காம் பாகம் கல்யாணம். குடித்தவர்களுக்கோ பெண்ணே கிடைக்கவில்லை. பதினெட்டு நாளில் முடிக்காவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாக முதலாளி ஷாதி சொல்லிவிட்டார்.

"யாருமே குடிக்கலன்னு வெச்சு ஆரம்பிச்சுடு நிஸ்ரீன். எவன் ஞாபகம் வெச்சிருக்கப் போறான்?"

"அவங்க விரலால அழுத்தினது ஷாதி, மறப்பாங்களா? பொய்யா எதுக்குக் கேட்டீங்கன்னு கேப்பாங்க."

நிரல் எழுதும் முஹன்னத் கையை விரித்தான். "ரெண்டு கதையா எழுதினா ரெண்டு மாசம் அக்கா. அடுத்த பாகத்துல அது நாலாகும். அதுக்கடுத்த பாகத்துல நாம கீழ போய்ப் பல்லு பிடுங்கித்தான் பொழைக்கணும்."

மூன்று நாள் எழுதி எழுதி அழித்தாள். நாலாம் நாள் முஹன்னதிடமே கேட்டாள்: "நெஜமாவே உங்க வீட்டு ஆளு ஒருத்தர் குடிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

"மானத்த வாங்கிட்டியேன்னு திட்டுவோம். அடுத்த வாரம் வேற ஆளத் தலைமையா கூட்டிட்டுப் போவோம்."

"குடிச்சவர?"

"கடைசி நாற்காலில உக்கார வெப்போம். சாகற வரைக்கும் கிண்டல்தான்."

அவ்வளவுதான், வழி பிறந்துவிட்டது. இரண்டு பாதையும் அதே கல்யாணத்துக்கு வந்து சேரும். குடித்தாரா இல்லையா என்ற ஒன்றை மட்டும் விளையாட்டு மறக்காது. அந்த நினைவை முஹன்னத் ஒரே மத்தியானத்தில் அமைத்துக் கொடுத்தான்.

கிண்டல்களை எழுதிக்கொண்டு போகும்போதுதான் மணப்பெண் லமீஸ் மூன்று பாகமாக வாயே திறக்கவில்லை என்பது நிஸ்ரீனுக்கு உறைத்தது. சித்தப்பா சொதப்பியதில் ஒரு வாரம் தள்ளிப்போனதே, அந்த வாரத்தில் அவள் என்ன செய்திருப்பாள்? குடித்தவர்களுக்கு மட்டும், கல்யாணக் கூட்டத்தில் லமீஸ் நெருங்கி வந்து சொன்னாள்:

"எல்லாரும் உங்களத் திட்டறாங்க சித்தப்பா. எனக்கு யோசிக்க ஒரு வாரம் கெடைச்சது உங்களாலதான். யோசிச்சுத்தான் சரின்னு சொன்னேன்."

பதினேழாம் நாள் பாகம் வெளிவந்தது. மறுநாளே முறையீட்டுக் கடிதங்கள் குவிந்தன, எல்லாம் முறைப்படி நடந்தவர்களிடமிருந்து: "மரியாதையா கீழ வெச்சவன் நான். எங்கிட்ட ஏன் அவ பேசவே இல்ல?"

ஷாதி சிரித்துக்கொண்டே ஐந்தாம் பாகத்துக்குத் தேதி குறித்தார். நிஸ்ரீன் காபியைக் குடித்த, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் மனதார நன்றி சொல்லிக்கொண்டாள். அவர்கள் அழுத்தியிராவிட்டால் லமீஸ் ஊமையாகவே கல்யாணம் செய்துகொண்டு போயிருப்பாள், எழுதியவளுக்கே தெரியாமல்.