சாவி இல்லாத பெட்டி

நகையை எங்கே ஒளித்து வைப்பது என்பதில் அம்மாவுக்குத் தனிக் கொள்கை ஒன்று இருந்தது. திருடன் பீரோவை உடைப்பான், அரிசிப் பானையைக் கவிழ்ப்பான். பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் கைவிட அவனுக்குத் தோன்றாது. அப்பா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி மூட்டைகள் எப்போதும் மூலையில் கிடக்கும். அவற்றில் ஒன்றுக்குள் அடியில் அம்மாவின் ஆரமும் வளையல்களும் பத்திரமாக இருந்தன. திருடன் வரவேயில்லை. வேஸ்ட் வியாபாரிதான் வந்தார்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா எல்லா மூட்டைகளையும் எடைபோட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். அம்மா திரும்பி வந்து, காலியாக இருந்த மூலையைப் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டாள். அப்பா மொபெட்டில் விரட்டிப் போய், ஊத்துக்குளி ரோட்டில் வண்டியை மறித்து, மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டித் தேடி எடுத்து வந்தார். தலையெல்லாம் பஞ்சு.

"எட போடறப்பவே நெனச்சேன், இந்த ஒரு மூட்ட மட்டும் என்ன இந்தக் கனங் கனக்குதுன்னு" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "நல்ல இரும்புப் பொட்டியா ஒண்ணு வாங்கோணுமுங்க" என்றாள்.

நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் ஐந்தோடு போதும் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். அவர் அப்பாவின் அண்ணன். சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தார். அப்பாவுக்குத் தைக்கத் துணி கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். லீவு முடிந்ததும் நான் அவர் கம்பெனிக்குக் கைமடிக்குப் போக வேண்டும். தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழைய புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

பெட்டி வாங்கப் பெரியப்பாவும் வந்தார். அவர் வராமல் எங்கள் வீட்டில் பெரிய சாமான் எதுவும் வாங்கியதில்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் தெற்கத்திக்காரர். பழைய இரும்புப் பெட்டிகளை வாங்கி, பெயின்ட் அடித்து விற்பவர். அப்பா ஒவ்வொரு பெட்டியையும் தட்டிச் சத்தம் கேட்டார். பெரியப்பா காலால் உதைத்துப் பார்த்தார். அம்மா மட்டும் குனிந்து, தரையோடு சேர்த்து போல்ட் போட அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள். "பொட்டியவே தூக்கீட்டுப் போய்ட்டா என்னங்க பண்றது?" மூட்டையோடு நகையைப் பறிகொடுக்கப் பார்த்தவள் அல்லவா.

கடைசியில் ஒரு பச்சைப் பெட்டி பிடித்துப்போனது. கனத்த கதவு, இரண்டு சாவி. பெரியப்பா ஒரு சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு உங்கூட்ல, ஒண்ணு எங்கூட்ல. மூத்தவங்க ஊட்ல ஒரு சாவி இருக்கறதுதானே மொற?"

முறைதான். தனிக்குடித்தனம் போனாலும் மாற்றுச் சாவி மூத்தவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா மூலையில் கிடந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள்.

"அதுக்குச் சாவி எங்கீங்க?"

"அதுக்குச் சாவியே கெடையாதும்மா. எழுத்துப் பூட்டு. இந்த நாலு பித்தள வளையத்துலயும் இங்கிலீஷ் எழுத்து இருக்கு, பாத்துக்கிடுங்க. சரியான எழுத்து நாலும் நேரா வந்தாத்தான் தொறக்கும். இல்லன்னா யானை வந்தாலும் அசையாது. அதான் ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ."

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாருக்குது போ! நம்மூட்ல இங்கிலீசு ஆருக்குத் தெரியும்? தொறக்கறதுக்கு வெள்ளக்காரனக் கூட்டியாரதா?"

"புள்ளைக்குத் தெரியுமுங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர், "வா பாப்பா. எஃப், ஐ, எஸ், ஹெச். வச்சுக் காட்டு பாப்போம்" என்றார்.

வளையங்களில் எண்ணெய்ப் பிசுக்கு. பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்துத் திருப்பினேன். நான்கையும் வைத்துப் பிடியை இழுத்தேன். வரவில்லை.

"நாஞ் சொல்லல?" என்றார் பெரியப்பா.

உற்றுப் பார்த்தேன். முதல் வளையம் ஒரு நூல் நகர்ந்திருந்தது. தள்ளிவிட்டு மறுபடி இழுத்தேன். 'டக்' என்றது, கதவு வந்துவிட்டது. யாரும் கேட்காமலே, "ஃபிஷ்னா மீனுங்க!" என்று கத்தினேன்.

கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். "என்ன படிக்கே?"

"அஞ்சு முடிச்சுட்டனுங்க."

"அப்ப ஆறாவது எந்தப் பள்ளிக்கூடம்?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹைஸ்கூல்ல சேத்தறமுங்க" என்றார்.

"டேய், கைமடிக்கு வர்றாள்னு..."

"வேற ஆளு பாத்துக்கலாமுங்ணா. பொட்டி ஆரு தொறக்கறது?"

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து பச்சைப் பெட்டியின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எழுத்துப் பூட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, கடைக்காரர் காட்டிக்கொடுத்தபடி நானே புது வார்த்தை வைத்தேன். என்ன வார்த்தை என்று அப்பாவுக்கும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை. அதன் பிறகு வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். காதுகுத்து, கல்யாணம், எதுவானாலும் நான் வந்தால்தான் நகை வெளியே வரும். ஒருமுறை பெரியம்மா மத்தியானமே ஆரம் இரவல் கேட்டு வந்துவிட்டார். "புள்ள பள்ளிக்கூடத்துல இருந்து வந்துரட்டுமுங்கக்கா. எனக்கென்ன தெரியுது?" என்று அம்மா காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். நான் புத்தகப் பையோடு நுழைந்தபோது பெரியம்மாவே எழுந்து வழிவிட்டார். எல்லோரையும் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத் திறந்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பஸ் பிடித்து நேரே மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் அம்மா ஆரமும் வளையலுமாக நின்றிருந்தாள்.

"ஏம்மா, ஆரு தொறந்தது?"

"நாந்தான்."

"உனக்குத்தான் எழுத்துத் தெரியாதே?"

"படிக்கத்தாங் கண்ணு தெரியாது. பனியனுக்கு சைஸ் லேபிள் தைக்கறவளுக்கு அடையாளங்கூடவா தெரியாது? பொட்டி வந்தன்னிக்கே உங்கையப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா இத்தன வருசமா நான் வர்ற வரைக்கும்..."

அம்மா என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் உனக்காகக் காத்திருக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு, படியேறி வந்துகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்து, "வாங்க, வாங்க! புள்ள காலேஜுல இருந்து வந்திருக்குதுங்க" என்றாள்.