கண்ணை மூடாமல் பெயரைச் சொல்லவும்

போன டிசம்பரில் நான் புனே போனதற்குக் காரணம் வசந்தா அக்காவின் செல்போன். அக்கா என் பெரியம்மா மகள். விருதுநகரிலிருந்து போய், அங்கே போசரி தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களை பேக்கிங் செய்கிறாள். கான்ட்ராக்டர் சம்பளத்தை ஒரு ஆப்பில் போடுவார். அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்று அந்த ஆப் பணத்தை முடக்கிவிட்டது. மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்குச் சனிக்கிழமை கடைசி நாள். "நீ படிச்சவ, வந்து என்னான்னு பாரு" என்றாள்.

புனே ஸ்டேஷனிலிருந்து சிஞ்ச்வட்டுக்கு லோக்கல் ரயில், பத்து ரூபாய்க்குள். அங்கிருந்து போசரி எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு இறங்கினார். 'எல்லோர் கையிலும் வங்கி' என்ற விளம்பரப் பலகைக்குக் கீழே இறக்கிவிட்டு, "ஆன்லைன் நஹி, கேஷ் தோ" என்றார். ரொக்கமாகத்தான் வேண்டுமாம். சிரிப்பு வந்தது. அன்று சிரித்தது அவ்வளவுதான்.

வெள்ளி மதியம் வீடியோ காலில் சரிபார்ப்பு. அக்கா தனியாக இருக்க வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மோசடியைத் தடுக்கும் விதி, அதில் தப்பில்லை. பெயர், பிறந்த தேதி எல்லாம் இந்தியிலேயே டாண் டாணென்று சொன்னாள். அடுத்து, கணவர் பெயர் என்ன என்றாள் அதிகாரிப் பெண். எங்கள் பக்கம் அவள் வயதுக்காரிகள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அக்கா ஆதார் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். நீங்களேதான் சொல்ல வேண்டுமாம். அக்கா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி "சுப்பிரமணி" என்றேன். வீடியோ கால் துண்டானது. பிறர் சொல்லிக்கொடுத்ததால் நிராகரிப்பு.

"அவுக பேர நான் எப்படிடி சொல்லுவேன்?"

"ஒரே ஒரு தடவைக்கா. ஒன் காசுதான உள்ள கெடக்கு?"

சாயங்காலம் மறுபடி வீடியோ கால். இந்த முறை நான் தெருவுக்கே போய்விட்டேன். தகரச் சுவர் வழியாக அக்காவின் குரல் கேட்டது: "சுப்பிரமணி." கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறை. நான் உள்ளே ஓடினேன். அழுதுகொண்டிருந்தாள். திரையில் செய்தி வந்திருந்தது: பதில் அளிக்கும்போது கண்கள் மூடியிருந்தன, நிராகரிப்பு. அடுத்த வாய்ப்பு ஒரு வாரம் கழித்து.

ஃபீஸை நான் கட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்டயே காசு இருக்கயில ஒங்கிட்ட கையேந்த வச்சுட்டானுகளே" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தை ரொக்கமாகத் தரக் கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார், நூற்றுக்குப் பத்து கமிஷனுக்கு. இந்தக் கமிஷன்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பாற்றத்தான் ஆப் வந்தது, அதற்கு விதிகளும் வந்தன. அட்டையில் அச்சடித்திருக்கும் பெயரை அவள் வாயிலிருந்து பிடுங்கி யாருக்கு என்ன லாபம்?

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலுக்கு முன்பே உங்கள் அக்காவையோ அம்மாவையோ உட்காரவைத்து, அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்குங்கள். வெட்கம், மரியாதை, அழுகை எதுவானாலும் சரி, கண் மட்டும் திறந்திருக்க வேண்டும்.