வேன் இனி முன்கூட்டியே கிளம்பும்

ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவள் அவள். அதில் வருகிற எல்லாரும் அவளைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்கான அவள் அண்ணன் கூப்பிட்டதைக் கேட்டுத் தொற்றிக்கொண்ட பழக்கம். வயதில் இளையவர்களுக்கும் அவள் தங்கச்சிதான்.

வண்டி விஷயத்தில் அவள் பிடித்த பிடி. முன்விளக்கில் ஒட்டிய பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுக்காமல் சாவியைத் திருப்பமாட்டாள்.

கடைசியாக ஏறுகிறவர் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர். ஹாரன் அடித்தால் அவர் வீட்டு ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரியும். "இதோ வந்துட்டேன்" என்று குரல் வரும். ஆள் வரமாட்டார். அதனால் வேனில் அவர் பெயரே 'இதோ'.

அன்று விடிகாலையும் அப்படித்தான். பிந்திப்போனால் மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் வறுத்தெடுப்பார். விட்ட நேரத்தைப் பிடிக்கக் காட்டுச் சாலையில் அவள் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாள்.

வளைவில் புதரிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. எதிரே லாரி, இந்தப் பக்கம் பள்ளம். ஸ்டீயரிங்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். வேன் நேராகத் தேய்ந்துகொண்டு போய் மானை இடித்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மான் ஓரத்தில் கிடந்து காலை இரண்டு முறை உதைத்தது. பிறகு அசையவில்லை.

அவள் இறங்கி வனத்துறைக்குப் போன் செய்தாள்.

"ஸ்டீயரிங்கக் கொஞ்சம் ஒடிச்சிருந்தா அந்த உசுரு பொழச்சிருக்கும். உனக்குக் கல்லு மனசும்மா" என்றார் 'இதோ'.

சமையலறைக்கார அக்கா சும்மா இருக்கவில்லை. "ஒடிச்சிருந்தா நாம லாரிக்கு அடியில கெடந்திருப்போம். உங்களுக்காக நின்ன நேரத்த அவ எங்க போய்ப் பிடிப்பா?"

"விடுங்கக்கா. மிதிச்சது என் கால்தானே" என்றாள் அவள்.

மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் பம்பரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சாலையில் பதிந்த டயர்த் தடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "கோடு போட்ட மாதிரி நேரா நிறுத்தியிருக்க. நானா இருந்தா ஒடிச்சுத் தொலைச்சிருப்பேன்."

"நிறுத்தினது சரிதாண்ணே. அந்த வேகத்துல அங்க போனதுதான் தப்பு. சாவியக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"குடு. நாளைக்கு வேற ஒருத்தன் அதே அவசரத்துல போவான்."

வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலையை அவள் மனம் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மான் காலை உதைத்தது கண்ணை விட்டுப் போகவில்லை. அண்ணன் சொன்னது காதை விட்டும் போகவில்லை.

சாயங்காலம் எல்லாரும் ஏறியதும் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாளையிலிருந்து வேன் முன்னாடியே கிளம்பும். விடியற நேரத்துல மான் ரோட்டோரம் மேயும். அந்த வளைவுல நான் ஊர்ந்துதான் போவேன். விட்ட நேரத்தப் பிடின்னு யாரும் சொல்லக்கூடாது. ஒத்துவரலன்னா சொல்லுங்க, சாவிய இப்பவே ஆபீஸ்ல குடுத்துடறேன்."

"இருக்கற தூக்கமும் போச்சா" என்றான் ரத்தப் பரிசோதனைக்காரன்.

"வேன்ல தூங்கு. அதான் தொட்டில் மாதிரி போகப்போறாளே" என்றாள் அக்கா.

'இதோ' வாயே திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. அவர் ஒருவர் பிந்தினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மறுநாள் அவள் ஹாரனில் கை வைக்கும் முன்பே அவர் தெருமுனையில் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஏறி, வழக்கமான பின்சீட்டுக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காட்டுச் சாலை வந்ததும் அவள் காலை எடுத்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துத் தீர்த்தது. கையைக் காட்டி அதற்கு வழிவிட்டாள்.

அவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இடது பக்கம். புதர் அசையுது."

அவள் அதை முன்பே பார்த்துவிட்டாள். கால் பிரேக்கில்தான் இருந்தது.

"சரிண்ணே. பின்னாடியே இன்னொரு மான் வருதான்னு பாருங்க."

அவர் புதரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.