நீலம் கலக்காத ஆறு

விரல் நுனிகள் சலித்த மணலைக் கிள்ளிக் கிள்ளி, பசை தடவிய பள்ளத்தில் தூவின. கரையோரம் தடிப்பாக, நடுவில் லேசாக. ஷார்ஜா பட்டறையில் மாடல் செய்யும் பரமக்குடி முனியசாமிக்கு ஆறு என்றால் முதலில் மணல். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

அது 2005. சண்டை ஓய்ந்து ஓராண்டான இரண்டு அண்டை நாடுகள், பொது ஆற்றின் நீரைப் பங்கிட, பக்கத்து ஊரான புஜைராவில் ஒரு ஹோட்டலில் பேச இருந்தன. நடுமேசையில் வைக்க அந்த ஆற்றின் மாடல் வேண்டும். இரு தரப்பு எஞ்சினியர்களும் கையெழுத்திட்டால்தான் வேலை முடிந்த கணக்கு. முடிந்தால்தான் முனியசாமிக்கு லீவு. ஊரில் மகள் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். அவர் இன்னும் பார்க்கவில்லை.

மணல் தூவியதைப் போட்டோ எடுத்து அனுப்பப் போன சூப்பர்வைசர் லுக்மான், பசை காய்வதற்குள் போனும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"என்னப்பா செஞ்சு வச்சிருக்க? போட்டோவப் பாத்துட்டு ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற நாட்டுக்காரன் கத்துறான். மணல் தெரிஞ்சா, அவங்கதான் தண்ணிய அடைச்சுட்டாங்கன்னு சொல்ற மாதிரி இருக்காம்."

"ஆத்துல மணல் தெரியாம வேற என்ன பாய் தெரியும்?"

"அங்கெல்லாம் தண்ணி தெரியும்யா!"

"அப்பச் சொரண்டிரவா?"

"சொரண்டாத. கீழ இருக்கிறவன் இதுதான் சரிங்கிறான். மணல எடுத்தா கையெழுத்து 'மாஃபி'யாம், கிடையாதாம்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வந்து நிக்கிறேன்?"

ஆற்றுக்கு நீல மை கலந்த ரெசின் ஊற்றுவது பட்டறை வழக்கம். முனியசாமி மை டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நீலம் ஊற்றினால் மணல் மறையும். ஒன்றுமே ஊற்றாவிட்டால் அது ஆறே இல்லை. இறுகிய ரெசினைப் பெயர்த்தால் கரையும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் மேலே இன்னொரு படலம் எப்போது வேண்டுமானாலும் ஊற்றலாம். அதனால் முதல் படலத்தை மை இல்லாமல், கண்ணாடி போலவே ஊற்றினார். மறுநாள் மாடலோடு மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு லுக்மானுடன் வேனில் ஏறினார்.

ஹோட்டலில் ஆற்றின் மேல்பக்க நாட்டு எஞ்சினியர், மேசையில் வைத்த மாடலுக்கு இந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சம் எதிரே அடிக்க நின்று பார்த்தார். எதிர்ப்பக்கம் கீழ்ப்பக்க நாட்டு எஞ்சினியர், ஜன்னலுக்கு முதுகு காட்டி மாடல்மேல் குனிந்தார். இருவரும் ஏதோ சொன்னார்கள்.

"என்ன பாய் சொல்றாங்க?"

"அவரு தண்ணி நல்லா பளபளங்குதுங்கிறாரு."

"இவரு?"

"மணல் சுத்தமாத் தெரியுதாம்."

"அப்ப மை ஊத்தணுமா, வேணாமா?"

"வாய மூடு. ரெண்டு பேரும் பேனாவ எடுத்துட்டாங்க."

எந்த ஆற்றைச் செய்தோம் என்று முனியசாமிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மை டப்பாவைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, மாடலைத் தூக்கி நீட்டினார். ஆளுக்கொரு பக்கமாக இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.