விம்மலை வழித்தெடுத்த போன்

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் அழுமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியில்லை, தொழில் மரியாதை. டப்பிங் கலைஞர்களில் அவளைப் போல அழ ஆள் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அழுகையையும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளின் அழுகையையும் மூக்கை உறிஞ்சுவதிலேயே பிரித்துக் காட்டுவாள். வீட்டில் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, போனில் மாதிரிகள் பதிந்து இயக்குநர்களுக்கு அனுப்புவாள்.

போன், கைக்கடிகாரம், லேப்டாப் எல்லாமே ஒரே கம்பெனி. ஒன்றோடொன்று தானாக இணைந்துகொள்ளும் என்று அக்காதான் வாங்க வைத்தாள்.

ஒரு நாள் இயக்குநர் ஒருவர் கூப்பிட்டு, "என்னம்மா, அழச் சொன்னா செய்தி வாசிச்சு அனுப்பியிருக்கீங்க?" என்றார். சுருக்கென்றது. பதிவைப் போட்டுக் கேட்டாள். விம்மல் இல்லை, மூச்சு இல்லை, வெறும் வசனம் மட்டும் வழவழவென்று ஓடியது. போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட கையோடு, மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வழித்தெடுத்திருந்தது. பழைய பதிவுகளிலும் பலவற்றை விட்டுவைக்கவில்லை.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். வெள்ளை மேசைக்குப் பின்னால் இருந்தவன், எல்லாம் வாடிக்கையாளர் வசதிக்காகத்தான் என்றான். நிறுத்த வழி கேட்டாள். கிடையாது என்றான்.

"இது என் போனா, உங்க போனா?"

"போன் உங்களோடதுதான் மேடம். உள்ள ஓடுறது எங்களோடது."

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். அவளுக்கு, தன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை யாரோ எடுத்துத் தேய்த்துவிட்டு, ஈரத்தோடு திருப்பி வைத்ததைப் போல இருந்தது. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் எறிந்தாள். வீடு போய்ச் சேரும்வரை அந்த மணிக்கட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளர் ஒரு பழைய லேப்டாப்பைத் துடைத்து, யாருக்கும் கட்டுப்படாத இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். வேறொரு சாதாரண போனும் வாங்கினாள். மிஞ்சிய பதிவுகள் கம்பெனிக்கு வெளியே திறக்க மறுத்தன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, ஒயர் வழியே இந்த லேப்டாப்பில் மறுபடி பதிந்தாள். கம்பெனியில் இருந்த தன் கணக்கை மூடப் போனால், திரையில் ஒரு பொம்மை கண்ணீர் விட்டு, நிஜமாகவே போகிறீர்களா என்று கேட்டது. அழுது பிழைக்கிறவளிடமே அழுகையா! ஆமாம் என்று அழுத்தினாள். மூட ஒரு மாதம் ஆகும் என்று வந்தது.

அந்த மாதத்தில்தான் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. இவளுக்குத் தெரியவே இல்லை. தற்செயலாக அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் முகம் கொடுத்தே பேசவில்லை.

"போட்டோ அனுப்பினேன், ஆஸ்பத்திரி பேரு அனுப்பினேன். ஒரு வார்த்தை கேட்டியாடி நீ?"

இவள் தன் போனைக் காட்டினாள். ஒன்றுமே வந்திருக்கவில்லை. நம்பர் அதேதான், ஆனாலும் அக்கா அனுப்பியதெல்லாம் இன்னும் மூடாத பழைய கணக்குக்கே போயிருந்தது. போய்ச் சேர்ந்ததாக அக்காவின் திரையும் சாதித்தது. பிறந்த குழந்தையின் முகத்தைக்கூட விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீயும் வெளிய வந்துடுக்கா."

"எனக்கு எதுக்குடி அந்தத் தலைவலி? எல்லாம் அதுலதான் கிடக்கு."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். அக்கா அதைப் படம் எடுக்க அதே கம்பெனியின் போனை நீட்டினாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.