வண்டி நின்ற இடம்

ஞானதுரைக்குத் தாராவியில் இட்லி மாவு வியாபாரம். முப்பது வருஷமாக அதே கடை, கடைக்கு மேலேயே வீடு. அவருடைய காருக்கு மட்டும் விலாசம் திலக் நகர். கார் வாங்குகிற சமயத்தில் கடன் கொடுக்க வந்த ஆள், பாரத்தில் தாராவி என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "வேற அட்ரஸ் எதுவும் இருக்கா அங்கிள்?" என்று கேட்டான். அந்த ஒரு பிதுக்கல் போதுமானதாக இருந்தது. மச்சினன் ஜெபஸ்டினுக்குத் திலக் நகரில் சொந்த பிளாட். "நம்ம வீட்டு அட்ரஸைப் போடுங்க அத்தான், என்ன வந்துரப் போவுது?" என்றான் அவன். போட்டார்கள். ஆர்.சி.யில் திலக் நகர், இன்சூரன்ஸில் திலக் நகர். வண்டி என்னவோ நித்தமும் தொண்ணூறடி ரோட்டில், கடைக்கு எதிரேதான் நின்றது.

மற்றபடி நல்ல மனுஷன். அரிசியில் கை வைக்க மாட்டார், உளுந்தில் கை வைக்க மாட்டார், நேற்றைய மாவை இன்றைய மாவோடு கலக்க மாட்டார். ஆனால் வெளியாள் யாராவது "எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், "சயன் பக்கம்" என்பார். சயனுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டார். மகளின் காலேஜ் பாரத்தில் மாட்டுங்கா என்று எழுதினார். அவர் மனைவி ஜான்சி ஒருநாள், "நாம இருக்கிற ஊரைத் தவிர எல்லா ஊரையும் எழுதியாச்சு" என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் அது உண்மை என்பதுதான்.

போன ஜூலையில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை காலையில் அவர் கீழே இறங்கி வந்தபோது காரின் பின்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. பம்பர் ஒரு பக்கம் தொங்க, விளக்குக் கண்ணாடி சில்லுச் சில்லாகத் தண்ணீரில் கிடந்தது. இடித்தவன் ஓடிவிட்டான். முதலில் ஜெபஸ்டினுக்குத்தான் போன் போட்டார்.

"திலக் நகர்லன்னு சொல்லிருங்க அத்தான்" என்றான் ஜெபஸ்டின். "பாலிசியில ஒண்ணு, வாயில ஒண்ணுன்னா கிளெய்ம் நின்னுரும். எங்க பில்டிங் கேட்டு முன்னால நின்னுச்சு, முந்தின நாள் சாயங்காலம் எவனோ இடிச்சுட்டு ஓடிட்டான். அவ்வளவுதான். வண்டியை இப்பமே இங்க கொண்டாந்துருங்க."

அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனில் சொன்னார். தொங்கிய பம்பரைக் கயிற்றால் கட்டி, வண்டியையும் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு சண்முகவடிவு மாவு வாங்க வந்தாள். தெருமுனையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இட்லிக் கடை போட்டிருக்கிறவள். வயது அறுபதுக்கு மேல். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருபத்தாறு வருஷமாக அவர் மாவில்தான் அவள் இட்லி அவிக்கிறாள்.

"அண்ணாச்சி, உங்க வண்டியை இடிச்சவனை நான் பாத்தேன். விடியக்காலம் அடுப்பு பத்த வைக்கேன், டமார்னு சத்தம். பச்சை டெம்போ. பின்கதவுல மயில் படம். நான் கத்துததுக்குள்ள பறந்துட்டான். கடையில கூட்டம், விட்டுட்டு வர முடியல."

"சரிக்கா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் மாவு அளக்கத் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சேதத்தைப் பார்க்கக் கம்பெனி சர்வேயர் வந்தார். மாட்டுங்காக்காரர், வேங்கடசுப்ரமணியன் என்று பெயர். திலக் நகரில், ஜெபஸ்டினுடைய பில்டிங் வாசலில் நின்றுகொண்டு ஞானதுரை கையை நீட்டி, "இந்தா, இங்கதான் சார் நின்னுச்சு" என்றார். தன் குரல் அவருக்கே யாருடைய குரலோ போலக் கேட்டது. சர்வேயர் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"அமைதியான இடம்" என்றார் சர்வேயர். "என் மச்சினிகூட இந்தப் பக்கந்தான். ஒரே குறை, கடையில எல்லாம் தாராவி மாவுன்னா விக்கறான். எந்தத் தண்ணியில அரைக்கறானோ! நாங்க அதை வாங்கறதே இல்லை."

"நாங்களும் வாங்குறதில்ல சார்" என்றார் ஞானதுரை.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. யாரும் கேட்காமலே, முப்பது வருஷம் அரைத்த மாவைத் தானே காறித் துப்பிவிட்டார். போகும்போது சர்வேயர் பேச்சோடு பேச்சாக, "அட்ரஸ் இதுவா இருந்தா வண்டி இங்கேயேதான் நிக்கணும்னு இல்லை சார். எங்க நின்னு இடிபட்டாலும் கிளெய்ம் கிளெய்ம்தான். சில பேர் தெரியாம பயந்துண்டு எதையாவது மாத்திச் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தொண்ணூறடி ரோட்டில் ஒரே கூச்சல். ஞானதுரை எட்டிப் பார்த்தார். பச்சை டெம்போ ஒன்று நடுரோட்டில் நிற்கிறது, பின்கதவில் மயில். டிரைவர் நாகராஜ், விக்ரோலிக்காரன், கீழே நின்று கையை ஆட்டுகிறான். வண்டிச் சாவி சண்முகவடிவின் கைக்குள் இருக்கிறது. இட்லிக் கொப்பரையை அடுப்போடு போட்டுவிட்டு வந்திருந்தாள் அவள்.

"நான் இல்ல மாவ்ஷி, சத்தியமா நான் இல்ல" என்றான் நாகராஜ்.

"நீதாம்லே! இந்தக் கண்ணால பாத்தேன். அண்ணாச்சி, வாங்க! ஆள் சிக்கிட்டான்!"

கூட்டம் கூடிவிட்டது. சௌக்கிக்குப் போகலாம், போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று நாலு பேர் கிளம்பியே விட்டார்கள். போலீஸில் தாராவி என்று எழுதினால், திலக் நகர் என்று ஞானதுரை போட்ட கையெழுத்து என்ன ஆவது?

"சாவியைக் குடுத்துரு யக்கா" என்றார். "இவன் இடிக்கல. என் வண்டி இங்க வச்சு இடிபடல. முந்தின நாளே திலக் நகர்ல எவனோ இடிச்சுட்டான். ஒடைஞ்ச வண்டியைத்தான் இங்க கொண்டாந்து நிறுத்தினேன்."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப நான் பாத்தது?"

"நீ வேற எதையோ பாத்திருப்ப."

யாரோ சிரித்தார்கள். "வயசாயிட்டுல்லா, ஆத்தாளுக்கு" என்றது ஒரு குரல். அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாகராஜ் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறும்போது ஞானதுரையைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். நடந்தது இன்னதென்று அந்த இடத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். இடித்துவிட்டு ஓடியவன் தன்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டுவிட்டான் என்பது ஞானதுரைக்கு உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, கிளெய்ம் பாஸாகிவிட்டதாகக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. ஜெபஸ்டின் போனில் சந்தோஷப்பட்டான். சண்முகவடிவு மூன்று நாளாக மாவுக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தாள், வெறுங்கையோடு.

கடையில் அப்போது நாலைந்து பேர் மாவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி" என்றாள். "மருந்து ஊத்தி, எழுத்தெல்லாம் காட்டி, எல்லா டெஸ்டும் பாத்துட்டாவ. கண்ணு ரெண்டும் நல்லா இருக்குன்னுட்டாவ."

"நல்லதுதானக்கா" என்றார் அவர்.

"என்ன நல்லது? கண்ணு நல்லா இருந்தா கோளாறு மண்டையிலதான். எங்கக்காளுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. இல்லாததைப் பாத்தேன்னு சொல்லுவா. கடைசியில பெத்த பிள்ளையப் பாத்தே நீ யாருன்னு கேட்டா. அவளுக்காவது பிள்ளை இருந்துச்சு. எனக்கு ஆரு இருக்கா?" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அதுவரைக்கும் மாவு வேண்டாம். அந்த டெம்போக்காரன் இந்தப் பக்கம் வந்தாம்னா சொல்லுங்க, கெழவி புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சுட்டா, மனசுல வச்சுக்கிடாதன்னு."

அவர் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். தன் கண்ணைவிட அவர் வாயை நம்பியிருந்தாள். கலப்படம் செய்யாத அண்ணாச்சி பொய் சொல்லுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஞானதுரைக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"யக்கா, நீ பாத்தது சரிதான்" என்றார்.

"என்னது?" அவளுக்குக் கேட்கவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துபோய்க் கிரைண்டரை நிறுத்தினார். வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"அவன்தான் இடிச்சான். இந்த ரோட்டுலதான் இடிச்சான். நீ பாத்தது அம்புட்டும் நெசம். நான்தான் பொய் சொன்னேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவில்லை. முகமெல்லாம் மலர, நிற்கிறவர்களைப் பார்த்து, "கேட்டியளா? எனக்கு ஒண்ணும் இல்லையாம்! புத்தி நல்லாத்தான் இருக்காம்!" என்று சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "எதுக்கு அண்ணாச்சி பொய் சொன்னீங்க?"

"இன்சூரன்ஸ் பேப்பர்ல திலக் நகர்னு இருக்கு. தாராவின்னு சொல்ல ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு. நாளைக்குக் கம்பெனிக்குப் போயி உள்ளதைச் சொல்லிருதேன். கிளெய்ம் போனா போவட்டும்."

அதை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரித்தான் கேட்டாள்.

"தாராவின்னா நாங்கதான அண்ணாச்சி? அப்ப என்னையும் சேத்துத்தான் வெக்கப்பட்டீங்களோ?"

இல்லை என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. நின்றவர்கள் எல்லாருமே அவர் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் நின்றார்கள்.

"ஆமாக்கா" என்றார் ஞானதுரை.